சைபர் எண்ணியே பாதி நாள் போகிறது

காலையில் ஒரு செய்தியை மொழிபெயர்க்க உட்கார்ந்தேன். 2 பில்லியன் டாலராம். தாளில் எழுதி, பேனா முனையால் சைபர்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினேன். ஒன்பது. 200 கோடி. நம்பிக்கை வராமல் மறுபடி எண்ணினேன். பத்து லட்சம் ஒரு மில்லியன், நூறு கோடி ஒரு பில்லியன், லட்சம் கோடி ஒரு டிரில்லியன். தினமும் இதே வாய்ப்பாடுதானா? காற்புள்ளியாவது ஒரே இடத்தில் நிற்கிறதா? நமக்கு 1,00,00,000, அவர்களுக்கு 10,000,000.

சரி, பில்லியனாவது உலகம் முழுக்க ஒன்றா? ஜெர்மன் மொழியில் நூறு கோடிக்கு மில்லியார்டே என்று பெயர், பில்லியன் என்றால் லட்சம் கோடி! பிரிட்டன் அரசே 1974-இல்தான் நூறு கோடிக் கணக்குக்கு மாறியது. அதற்கு முந்தைய புத்தகத்தில் பில்லியனைப் பார்த்தால் எதை நம்புவது?

அப்புறம் இந்த ஹார்ட் டிஸ்க். 1 டெராபைட் என்று வாங்கிவந்து செருகினால் 931 ஜிபி காட்டுகிறது. விற்பவர் ஆயிரத்தால் பெருக்குகிறார், கணினி 1024-ஆல் வகுக்கிறது. காசு கொடுத்தவன் என்ன செய்வான்? இந்தக் குழப்பம் தீர 1998-இல் 1024 கணக்குக்கென்றே கிபி (kibi), மெபி (mebi), கிபி (gibi) என்று புதுப்பெயர்கள் வைத்தார்கள். தமிழில் எழுதினால் முதலாவதும் மூன்றாவதும் ஒன்றாகவே இருக்கின்றன!