அந்தப் பக்கங்களைத் தள்ளாதீர்கள்

நேற்றைய வாசிப்புக் கூட்டத்தில் நடந்ததை நீங்களே பார்த்தீர்கள். 'செமெட்டரி பாய்ஸ்' என்ற ஆங்கில நாவலைப் பற்றிப் பேசியவர், "காதல் பகுதி நல்லா இருக்கு. பாட்டி சமையல், படையல் வேலையெல்லாம் வர்ற பக்கங்களைத் தள்ளிட்டுப் படிங்க" என்றார். சிலர் கைதட்டவும் செய்தார்கள். ராத்திரி முழுக்க அது மனசிலேயே கிடந்தது.

அவர் தள்ளச் சொன்ன பக்கங்கள்தான் நாவல்.

ஏய்டன் தாமஸ் 2020இல் வெளியிட்ட இந்தக் கதை லாஸ் ஏஞ்சலஸின் ஒரு கல்லறைத் தோட்டத்தில் நடக்கிறது. அங்கே வாழும் லத்தீன் அமெரிக்க மந்திரவாதிகளின் சமூகத்தில் ஆண்கள் ஆவிகளை வழியனுப்புவார்கள், பெண்கள் நோய் தீர்ப்பார்கள். கதாநாயகன் யாத்ரியேல் திருநம்பி. பதினைந்து வயதில் அந்த ஆற்றலைப் பெறுவதற்காக நடக்க வேண்டிய சடங்கை வீட்டார் அவனுக்கு நடத்தித் தரவில்லை. மாமன் மகள் முறையோ அத்தை மகள் முறையோ, மரித்ஸா என்ற உறவுக்காரப் பெண் துணையோடு அவனே திருட்டுத்தனமாக நடத்திக்கொள்கிறான். அன்றிரவே மிகெல் என்ற உறவுக்காரன் இறந்துபோகிறான். அவன் ஆவியைத் தேடி அழைக்கும்போதுதான் ஜூலியன் என்ற வேறொரு பையனின் ஆவி வந்து நிற்கிறது; யாத்ரியேல் காதலிக்கப் போவது அவனைத்தான். காதலுக்கு முன்னாலேயே துக்கம் வந்துவிட்டது, கவனியுங்கள்.

யாத்ரியேலின் அம்மா கமீலா இறந்து ஒரு வருஷம் ஆகவில்லை. நவம்பர் 1, 2 தேதிகளில் வரும் 'தியா தெ முயெர்தோஸ்' என்ற இறந்தோர் திருநாளில், வீட்டார் படையல் வைத்துக் காத்திருக்க, அவள் ஆவி முதல் முறையாகத் திரும்பி வரும். அதே நாளுக்குள் ஜூலியனை வழியனுப்பியாக வேண்டும். ஒருத்தி வரும் நாளும் ஒருவன் போகும் நாளும் ஒன்றுதான். படையல் பக்கங்களை எடுத்துவிட்டால் இந்தக் கெடுவே இல்லை. கெடு இல்லையென்றால் அந்தக் காதலில் என்ன தவிப்பு மிஞ்சும்?

படையலில் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. படம், மெழுகுவத்தி, உப்பு, எலும்பு வடிவம் பதித்த ரொட்டி, போனவருக்குப் பிடித்த சாப்பாடு. தூரம் நடந்து தாகத்தோடு வருகிறவர்களுக்காக ஒரு தம்ளர் தண்ணீர். வழி தெரிய செம்பசூச்சில் பூவின் இதழ்கள். நம் ஊரில் துலுக்கச் சாமந்தி என்று விற்கும் அதே பூதான், தாய்மண் மெக்சிகோ. நிறத்தையும் வாசனையையும் பிடித்துக்கொண்டு ஆவிகள் வீடு வந்து சேரும் என்பது நம்பிக்கை. இதையா தள்ளிவிட்டுப் படிக்கச் சொல்கிறீர்கள்?

"அந்நிய ஊர்ச் சடங்கு, நமக்குப் புரியாது" என்பீர்கள். அம்மாவுக்குப் பிடித்ததை ஆக்கி வைத்துக் காத்திருப்பது எந்த ஊர்க்காரருக்குப் புரியாது? "சின்னப் பிள்ளைகளுக்கு இவ்வளவு சாவு வேண்டாம்" என்பீர்கள். சாவு வயசு பார்த்தா வீட்டுக்கு வருகிறது? முடிவு ரொம்பச் சுலபமாகிவிட்டது என்றால், சரி, ஓரளவு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நேற்று யாரும் அதைச் சொல்லவில்லை.

என் வீட்டுக் கதையை இங்கே எழுதப் போவதில்லை. முதல் வருஷம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது, அதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. மிகெலின் உடலைத் தேடி ஆண்கள் கிளம்புகிறார்கள், யாத்ரியேலைச் சேர்த்துக்கொள்ளவில்லை. போனவர்களுக்கு இடம் ஒதுக்கி, பூ தூவி, விளக்கேற்றுகிற குடும்பம், கூடவே இருக்கிற பிள்ளைக்கு இடம் தரத் தயங்குகிறது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, பாசமும் குறையவில்லை. அதனால்தான் படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. அவனைப் புரிந்துகொண்டு அவன் பக்கம் நின்றவள் அம்மாதான். பாட்டி அடுப்படியில் நிற்கும் ஒவ்வொரு பக்கத்திலும் அந்த அம்மா இல்லாதது தெரிகிறது. அந்தப் பக்கங்களைத் தள்ளினால் அவளையும் சேர்த்துத்தான் தள்ளுகிறீர்கள்.