மனு போன வழியே திரும்பி வருகிறது

என் ஜெராக்ஸ் கடை ஒரு மாவட்ட எஸ்.பி. அலுவலகத்துக்கு எதிரே, டீக்கடையை ஒட்டி இருக்கிறது. எந்த மாவட்டம் என்று கேட்காதீர்கள், நாளைக்கும் நான் அங்கேதான் ஷட்டரைத் தூக்க வேண்டும். புதன்கிழமை மனு நாள் என்பதால் அன்றைக்கு மட்டும் ஏழரைக்கே திறந்துவிடுவேன். அதற்குள் முதல் பஸ்ஸில் வந்தவர்கள் படியில் உட்கார்ந்திருப்பார்கள். மஞ்சப்பைக்குள் ஒரு பிளாஸ்டிக் கவர், கவருக்குள் ரேஷன் கார்டு, ஆதார், பத்திர நகல், நாலாக மடித்த பழைய மனு ஒன்று. "இதையே கொஞ்சம் மாத்தி அடிச்சுக் குடுங்க தம்பி" என்பார்கள்.

போன வருஷம் அப்படி ஒரு அம்மா வந்தார். அறுபது வயதிருக்கும். கூடவே மகன். இருபத்திரண்டு வயதுப் பையன், வலது கையில் மாவுக்கட்டு. ஊரில் ஒரு கிணற்று மோட்டார் காணாமல்போயிருக்கிறது. சந்தேகத்தில் பையனைக் கூட்டிப்போய் இரண்டு ராத்திரி ஸ்டேஷனில் வைத்திருந்தார்கள். கேஸும் போடவில்லை, கோர்ட்டுக்கும் கொண்டுபோகவில்லை. மூன்றாம் நாள் "கூட்டிட்டுப் போங்க" என்று அனுப்பிவிட்டார்கள். பையன் மோட்டாரை எடுத்தானா இல்லையா என்று எனக்குத் தெரியாது. எடுத்திருக்கவும் செய்யலாம். அந்த அம்மா மோட்டாரைப் பற்றி வாயே திறக்கவில்லை, கையைப் பற்றி மட்டும்தான் சொன்னார். 'பெறுநர், உயர்திரு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்' என்று ஆரம்பித்து ஒன்றரைப் பக்கம் அடித்துக் கொடுத்தேன்.

மூன்று வாரம் கழித்து, மனு நாள் இல்லாத ஒரு நாளில், மறுபடி வந்தார். அவருடைய மனு விசாரணைக்கு வந்திருப்பதாக ஸ்டேஷனிலிருந்து போன் வந்ததாம். எந்த ஸ்டேஷன் மேல் எழுதினோமோ அதே ஸ்டேஷன். எஸ்.பி. ஆபீஸில் கேட்டுப் பார்க்கலாம் என்று வந்தவரிடம், மனு அங்கேதான் போகும், அதுதான் நடைமுறை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். திரும்பிப் போகும்போது என் கடையில் நின்று ஏ4 பேப்பர் இரண்டு கட்டு கேட்டார். வரும்போது வாங்கி வரச் சொல்லியிருக்கிறார் ரைட்டர்.

"நாம அவங்க மேலதான தம்பி எழுதினோம்? அவங்களே எப்படி அதை விசாரிப்பாங்க?"

கட்டுக்குப் பத்து ரூபாய் குறைத்துக்கொண்டேன். வேறு பதில் என்னிடம் இல்லை. அவர் காசில் வாங்கிய தாளில் 'மேல் நடவடிக்கை தேவையில்லை' என்று எழுதி, கீழே அவரிடமே கைநாட்டு வாங்கிக்கொண்டார்கள்.

இதற்கு அந்த ரைட்டரையோ எஸ்.ஐ.யையோ திட்டி நாலு வரி எழுதினால் லைக் நிறைய விழும். ஆனால் அவர்கள் தங்கமானவர்களாக இருந்தாலும் மனு அங்கேதான் வந்து நின்றிருக்கும். அது போக வேறு வழி போடவில்லை.

வழி போடச் சொல்லி ரொம்ப நாளாகிறது. 2006 செப்டம்பரில், போலீஸ் சீர்திருத்தம் கேட்டுப் போட்ட பிரகாஷ் சிங் வழக்கில், உச்ச நீதிமன்றம் ஏழு உத்தரவுகள் போட்டது. அதில் ஒன்று, போலீஸ் மேல் வரும் புகாரைக் கேட்க மாநிலத்துக்கு ஒன்று, மாவட்டத்துக்கு ஒன்று என்று தனி ஆணையம் வேண்டும் என்பது. மாவட்ட ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைவர். போலீஸுக்கு வெளியே இருந்தும், பொதுமக்கள் தரப்பிலிருந்தும் உறுப்பினர்கள் வரலாம். தமிழ்நாடு 2013-இல் சட்டம் கொண்டுவந்தது. 2019-இல் ஆணையத்தை அமைத்தும் அரசாணை வந்தது. யார் யார் என்று பார்த்தால், மாநிலத்துக்கு உள்துறைச் செயலாளர் தலைவர், டி.ஜி.பி. உறுப்பினர். மாவட்டத்துக்குக் கலெக்டர் தலைவர், எஸ்.பி. உறுப்பினர். அந்த அம்மாவின் மனு கலெக்டர் ஆபீஸ் வரை ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி எஸ்.பி. மேஜைக்கே வரும். பஸ் செலவுதான் கூட.

இதில் ஒரு பழைய கதை இருக்கிறது. 1854-இல் வெள்ளைக்காரன் காலத்திலேயே மதராஸ் மாகாணத்தில் சித்திரவதை பற்றி விசாரிக்க ஒரு கமிஷன் போட்டார்கள். வரி வசூலிக்கிறவரும் போலீஸ் வேலை பார்க்கிறவரும் அன்றைக்கு ஒரே ஆள். அந்த அறிக்கையில் கிட்டி, அண்ணாந்தாள் என்று நம் சொற்களே ஆங்கில எழுத்தில் வருகின்றன. கிட்டி என்றால் இரண்டு கட்டைக்கு நடுவில் விரலை வைத்து நெரிப்பது. அண்ணாந்தாள் என்பது மாட்டுக்குத் தலையையும் முன்னங்காலையும் சேர்த்துக் கட்டும் கட்டு, அதை மனிதனுக்குக் கட்டினார்கள். வருவாய்த் துறையும் போலீஸும் ஒரே கையில் இருப்பது ஆபத்து என்று புரிந்து, 1859-இல் தனிச் சட்டம் போட்டுப் பிரித்தார்கள். அப்படிப் பிரித்ததைப் புகார் கேட்கும் மேஜையில் மட்டும் மறுபடி பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறோம்.

சரி, அரசாங்கத்தை மட்டும் சொல்லிவிட்டு நான் தப்பிக்க முடியாது. 'பாத்ரூமில் வழுக்கி விழுந்து கை முறிந்தது' என்று செய்தி வந்தால் நம் ஊரில் அது ஜோக். வரிசையாக மாவுக்கட்டோடு நிற்கும் பையன்களின் போட்டோவை மீம் ஆக்கி சுற்ற விடுகிறோம். நானும் ஒன்றுக்குச் சிரிக்கிற பொம்மை போட்டிருக்கிறேன். செயின் அறுக்கிறவன், பிள்ளைகளிடம் தப்பாக நடந்தவன் என்றால் 'இன்னும் ரெண்டு போட்டிருக்கணும்' என்று எழுதாதவர் இந்தப் பதிவைப் படிப்பவர்களில் எத்தனை பேர்? அந்தப் பையன் என் கடை ஸ்டூலில் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்கு அந்தப் பொம்மைதான் ஞாபகம் வந்தது. எந்தக் கையை உடைக்கலாம், எதை உடைக்கக் கூடாது என்று நாம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம். அந்தப் பட்டியலில் யாரைச் சேர்ப்பது என்பதை ஸ்டேஷனிடம் விட்டுவிட்டோம். 2020 ஜூன் 19 ராத்திரி சாத்தான்குளத்தில் அது ஜெயராஜும் செல்போன் கடை வைத்திருந்த அவர் மகன் பென்னிக்ஸும் என்று ஆனது. ஊரடங்கில் நேரம் தாண்டிக் கடை திறந்திருந்தார்கள் என்று போலீஸ் சொன்னதுதான் விவகாரமே. 22-ஆம் தேதி மகன் இறந்தார், 23-ஆம் தேதி தகப்பனார்.

சாத்தான்குளத்தில் கேமரா இருந்தது. ஹார்டு டிஸ்க்கில் இடமும் இருந்தது. ஆனால் அன்றாடம் பதிவானது அன்றாடம் அழிந்துபோகிற மாதிரி செட்டிங்கை வைத்திருந்தார்கள். விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் இதை உயர் நீதிமன்றத்துக்கு எழுதினார். அந்த மாஜிஸ்திரேட்டையே ஒருமையில் பேசி அனுப்பியதும் நடந்தது. கடைசியில் வருவாய்த் துறையை அனுப்பி ஸ்டேஷனைக் கையில் எடுக்கச் சொன்னது நீதிமன்றம். ஜெராக்ஸ் கடைக்காரனாக எனக்கு மனதில் நின்றது அந்த செட்டிங்தான். அதை மாற்ற அரை நிமிஷம் போதும். மாதம் ஒரு தடவை வெளியாள் ஒருவர் உள்ளே போய், 'பத்து நாள் முந்தையதைப் போட்டுக் காட்டுங்க சார்' என்று கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

அதே வருஷம் டிசம்பரில், பரம்வீர் சிங் சைனி வழக்கில், உச்ச நீதிமன்றம் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னது. எல்லா ஸ்டேஷனிலும் கேமரா, முடிந்தால் 18 மாதப் பதிவு, குறைந்தது ஒரு வருஷம். மாவட்டத்துக்கு ஒரு மேற்பார்வைக் குழு. கலெக்டர், எஸ்.பி.யோடு நகரம் என்றால் மேயர், கிராமப்புறம் என்றால் மாவட்ட ஊராட்சித் தலைவரும் அதில் உண்டு. யாரும் புகார் கொடுக்காவிட்டாலும் பதிவுகளைப் போட்டுப் பார்த்து, வெளியே வராமல்போன மீறல் ஏதாவது நடந்திருக்கிறதா என்று தேடுவது இந்தக் குழுவின் வேலை. நாம் ஓட்டுப் போட்ட ஒரு ஆளுக்கு லாக்கப் வராந்தாவைப் பார்க்கும் வேலையைக் கொடுத்திருக்கிறார்கள். அந்த வேலையைப் பற்றி எந்தத் தேர்தலிலும் ஒரு ஆளும் நம்மிடம் பேசியதில்லை. இதில் 2025 ஜனவரியோடு 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்து எல்லாம் தனி அலுவலர் கைக்குப் போனது. அப்போது மேற்பார்வைக் குழுவில் அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தார்? அதிகாரியைப் பார்க்க இன்னொரு அதிகாரி.

அந்தத் தீர்ப்பில் சின்னதாக இன்னொன்று இருக்கிறது. ஸ்டேஷன் வாசலிலும் உள்ளேயும் பெரிய போர்டு வைக்க வேண்டும், உள்ளூர் மொழியில். இங்கே கேமரா இருக்கிறது, பதிவு குறைந்தது ஆறு மாதம் இருக்கும் (கேமராவுக்கு ஒரு வருஷம் என்றாலும் போர்டுக்குத் தீர்ப்பில் இருப்பது இதுதான்), உங்களுக்கு அநியாயம் நடந்தால் அந்தப் பதிவைப் பத்திரப்படுத்தச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு, மனித உரிமை ஆணையத்துக்குப் போகலாம் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். மகள் பாஸ்போர்ட் விசாரணைக்காக ஒரு ஸ்டேஷனுக்குப் போனபோது இந்தப் போர்டைத் தேடினேன். எல்லை வரைபடம் இருந்தது. ரவுடிகள் போட்டோ இருந்தது. திருக்குறள் இருந்தது. மானிட்டரில் நாலு கட்டம், அதில் இரண்டு கறுப்பு. போர்டு மட்டும் இல்லை. ரைட்டரிடம் கேட்டேன். "சார் வக்கீலா?" என்றார். இல்லை, ஜெராக்ஸ் கடை என்றதும் சிரித்துவிட்டு சேரை இழுத்துப் போட்டார். பேச்சுவாக்கில் பேப்பர், பேனா, பிரிண்டர் மை எல்லாம் கைக்காசு என்று அவர் பங்குக்கு அழுதார். பொய் சொன்னதாகத் தோன்றவில்லை. என் கடையிலேயே யூனிபார்மோடு வந்து சொந்தக் காசில் மை வாங்கிப் போகிறவர்கள் உண்டு. அந்த அம்மா வாங்கிய இரண்டு கட்டுக்கும் இதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஸ்டேஷனுக்கு மாதம் எவ்வளவு பணம் வருகிறது, எத்தனை பேர் இருக்க வேண்டிய இடத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள், வார விடுப்பு கிடைக்கிறதா என்று கேட்க வெளியே யாருக்கும் வழியில்லை. கேட்டிருந்தால் போலீஸ்காரருக்கும் அது நல்லதுதான்.

பொதுமக்கள் பங்கேற்பு என்றதும் சிலருக்கு ஃபிரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ் ஞாபகம் வரும். 1993-இல் ராமநாதபுரத்தில் நல்ல எண்ணத்தோடுதான் ஆரம்பித்தார்கள். சாத்தான்குளத்துக்கு அப்புறம் அதில் இருந்தவர்கள் மேலேயே புகார் வந்து, தடை போட வேண்டியதாகிவிட்டது. லத்தியைப் பிடித்துக்கொண்டு போலீஸுக்குப் பின்னால் நடக்கும் வேலை அது. நான் கேட்பது நோட்டுப் புத்தகத்தோடு உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வரும் வேலை.

ஜெயிலில் அது ஏற்கெனவே இருக்கிறது. அலுவல் சாராப் பார்வையாளர் என்று பெயர், அரசாங்கச் சம்பளம் வாங்காத ஆட்கள் உள்ளே போய்க் கைதிகளைப் பார்க்கலாம். ஸ்டேஷனுக்கும் அப்படி நியமிப்பதைப் பரிசீலியுங்கள் என்று போலீஸ் காவலில் நடக்கும் சித்திரவதை பற்றிய டி.கே. பாசு வழக்கில் 2015-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. இங்கிலாந்தில் 1981 பிரிக்ஸ்டன் கலவரத்துக்குப் பிறகு, ஸ்கார்மன் பிரபுவின் அறிக்கையை ஒட்டி இதை ஆரம்பித்தார்கள், 2002-இல் சட்டமாகவும் ஆக்கிவிட்டார்கள். உள்ளூர்த் தன்னார்வலர்கள் இரண்டு பேராகப் போவார்கள். சொல்லாமல் கொள்ளாமல், ராத்திரி இரண்டு மணிக்குக்கூடப் போகலாம். சாப்பிட்டீர்களா, போர்வை தந்தார்களா, டாக்டர் பார்த்தாரா, வீட்டுக்குத் தகவல் சொன்னார்களா என்று கேட்பார்கள். என்ன குற்றம் செய்தாய் என்று கேட்க மாட்டார்கள். மோட்டாரை எடுத்தானா என்பது அவர்களுக்குத் தேவையில்லாத கேள்வி.

இதனால் எல்லாம் சரியாகிவிடாது. 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமாரை அடித்தது ஸ்டேஷனில் இல்லை. நகை காணோம் என்ற புகாருக்கு, எஃப்.ஐ.ஆர். போடும் முன்னாலேயே, தனிப்படை என்று வந்தவர்கள் கோயிலுக்குப் பின்னால் மாட்டுத் தொழுவத்தில் வைத்து அடித்தார்கள். ஒருவர் மறைந்திருந்து செல்போனில் எடுத்ததால் உலகத்துக்குத் தெரிந்தது. அங்கே எந்தக் கேமராவும் எந்தப் பார்வையாளரும் போயிருக்க முடியாது. ஆனால் அந்தத் தனிப்படை திடீரென்று முளைத்ததா? மாவட்டத்தில் இப்படி எத்தனை படை, யார் கையெழுத்தில் அமைந்தது, யாருக்குக் கணக்குச் சொல்கிறது என்று முன்கூட்டியே கேட்கும் ஒரு கூட்டம் இருந்திருந்தால்? ஒரு உயிர் போனதுக்கு அப்புறம்தான் அனுமதியில்லாத தனிப்படைகளைக் கலைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. நூறு நாள் வேலையில் எத்தனை பேர் மண் வெட்டினார்கள் என்று கிராம சபையில் வாசிக்கச் சமூகத் தணிக்கை வைத்தோம். பள்ளிக்கூடத்துக்கு மேலாண்மைக் குழு வைத்துப் பெற்றோரை உட்கார வைத்தோம். மனிதனைப் பூட்டி வைக்கும் அதிகாரம் உள்ள ஸ்டேஷனுக்கு மட்டும் அப்படி ஒன்றும் கிடையாது.

சரி, நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக எனக்கே ஒரு மனு அடித்தேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், கலெக்டர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு. கேமரா மேற்பார்வைக் குழு நம் மாவட்டத்தில் அமைக்கப்பட்டதா, அமைத்த ஆணையின் நகல், இதுவரை எத்தனை முறை கூடியது, கூட்டக் குறிப்பு, கேமரா வேலை செய்யாத ஸ்டேஷன்களின் பட்டியல். ஐந்தே கேள்வி, பத்து ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப். ரிஜிஸ்டர் தபாலில் போட்டுப் பன்னிரண்டு நாளாகிறது, முப்பது நாள் டைம் இருக்கிறது.

வேண்டும் என்கிறவர்கள் கமென்டில் சொல்லுங்கள், ஃபைலை அனுப்பிவைக்கிறேன். மாவட்டத்தின் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.