தரங்கம்பாடி டேனிஷ்காரர்களுக்கு முன்பே இருந்த ஊர்

தரங்கம்பாடி பற்றிய உங்கள் கட்டுரையில் ஊரின் கதையை 1620-ல், டேனிஷ்காரர்கள் வருகையோடு தொடங்கியிருக்கிறீர்கள். அது பாதிக் கதைதான். அவர்கள் கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டைக்குப் பக்கத்திலேயே மாசிலாமணிநாதர் கோயில் இருக்கிறதே! மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது, அதாவது கோட்டைக்கு முந்நூறு ஆண்டு மூத்தது. கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. ஆளில்லாக் கரையில் யாரும் கற்கோயில் எழுப்ப மாட்டார்கள். தஞ்சை ரகுநாத நாயக்கர் ஒப்பந்தம் போட்டு இடம் கொடுத்த பிறகுதான் டேனிஷ்காரர்கள் கோட்டையே கட்ட முடிந்தது. 1845-ல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு இங்கே தமிழ் அச்சடித்ததை எழுதியது ரொம்ப நல்லது. அப்புறம், சுனாமியில் அத்தனை உயிர்களை இழந்தும் இன்றும் கடலுக்குப் போகும் மீனவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தயவுசெய்து சேர்த்துவிடுங்கள்.