டோக்கன் காசு வேண்டாம், காப்பீட்டுப் பணம் இருக்கிறது
வண்டி நிறுத்தக் குத்தகையும் கடை வாடகையும் அரசு மருத்துவமனைகளின் நிதிக் கஷ்டத்தைத் தீர்க்கும் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தக் காசு முழுக்க நோயாளியின் வீட்டாரிடமிருந்துதானே வருகிறது? மாமியாரை ஒரு அரசு மருத்துவமனையில் சேர்த்திருந்தபோது, சாப்பாடு எடுத்துக்கொண்டு உள்ளே போகும் ஒவ்வொரு முறையும் வண்டி நிறுத்தப் புது டோக்கன் போட்டார்கள். காலையில் வாங்கிய சீட்டைக் காட்டினால், "வண்டி வெளிய போயிட்டா அது செல்லாதும்மா" என்றார் குத்தகைக்காரரின் ஆள். கூலி வேலையை விட்டுவிட்டு வந்து துணைக்கு இருப்பவருக்கு இது சின்னத் தொகை இல்லை. பிரிட்டனில்கூட வேல்ஸ் 2008-லேயே பெரும்பாலான அரசு மருத்துவமனைகளில் வண்டி நிறுத்தக் கட்டணத்தை எடுத்துவிட்டது. உண்மையான வருமானம் வேறு இடத்தில் இருக்கிறது. 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடப்பதில், அரசு மருத்துவமனை செய்யும் சிகிச்சைக்கும் தொகை கிடைக்கிறது. கருவி வாங்கலாம், ஊழியர்களுக்கு ஊக்கத்தொகையும் உண்டு, நோயாளி கையிலிருந்து ஒரு ரூபாய் போவதில்லை. ஆனால் காப்பீட்டு அட்டை இல்லாமல் வருபவரின் ரேஷன் கார்டு, வருமானச் சான்றை வாங்கிப் பதிவு செய்ய வார்டு பக்கம் ஆள் வேண்டும். குத்தகை டெண்டருக்குக் காட்டும் அக்கறையை முதலில் அங்கே காட்டட்டும். அரசு மருத்துவமனையில் காசு வாங்கிக்கொண்டு தரும் கட்டணப் படுக்கை பற்றியும் ஒருவர் கேட்டிருக்கிறார்: தனியறை கேட்பவரிடம் வாங்கட்டும், ஆனால் அதற்காகப் பொது வார்டு நர்ஸை எடுக்கக் கூடாது.