பெண்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வந்தால் மருந்து கேட்காதா?

"நுரையீரல் புற்றுநோய் சிகரெட் பிடிக்கும் ஆண்களுக்குத்தான் வரும். தப்பித்தவறிப் பெண்களுக்கு வந்தால் எந்த மருந்தும் கேட்காது." மும்பைத் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி இது. எங்கள் சாலில் (வரிசை வீட்டுக் குடியிருப்பில்) இருக்கும் மாமி ஒருவர், கும்பிடும் கை பொம்மையோடு எனக்கும் அனுப்பியிருந்தார்.

இரண்டுமே தவறு. இரண்டாவது, உண்மைக்கு நேர் எதிர். ஒரே கட்டத்தில் நோய் கண்டுபிடிக்கப்பட்டால், பொதுவாக ஆண்களைவிடப் பெண்களே அதிக காலம் உயிர் வாழ்கிறார்கள். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் 'சீர்' என்ற புள்ளிவிவரத் தளத்தில் ஆண், பெண் என்று பிரித்தே பார்க்கலாம். புகைக்காத ஆசியப் பெண்களின் கட்டிகளில் இஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் மாற்றம் அடிக்கடி இருக்கும். அதைக் குறிவைக்கும் மாத்திரைகளே உண்டு. எல்லோருக்கும் அல்ல, பரிசோதனையில் அந்த மாற்றம் தெரிந்தால்தான்.

சரி, புகைக்காதவர்களுக்கு எப்படி வருகிறது? வீட்டுக்காரர் விடும் பீடிப் புகையும் ஒரு காரணம். காற்று மாசையும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2013-இல் உறுதியான காரணியாக அறிவித்தது.

இந்தச் செய்தியால் ஆபத்து எங்கே என்றால், விடாத இருமலை "அடுப்புப் புகைதான்" என்று தள்ளிப்போடுவதில். சில சமயம் டிபி என்று நினைத்தே மாதங்கள் ஓடிவிடும். மூன்று வாரத்துக்கு மேல் இருமல் நின்றபாடில்லை, சளியில் ரத்தம் என்றால் உடனே மருத்துவரிடம் போங்கள்.

அந்தச் செய்தி உங்களுக்கும் வந்தால் தயவுசெய்து பார்வர்ட் செய்யாதீர்கள். மாமியிடம் சொல்லிவிட்டேன், அழித்துவிட்டார்.