சக்கரம் சுத்தினா சீடை வித்துருமா?

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் பலகாரம், கண்டாங்கிச் சேலை, ஆத்தங்குடி தரைக்கல் விக்கிறவங்களுக்கு வெப்சைட் செஞ்சு குடுக்கிறதுதான் என் பொழப்பு. இப்பல்லாம் பேச்சை ஆரம்பிக்கும்போதே, "தம்பி, உள்ள வந்ததும் பரிசு, தள்ளுபடின்னு ஒரு சக்கரம் சுத்துமே, அதைப் போட்டுருங்க"ன்றாங்க.

எனக்கு அந்தச் சக்கரத்தைக் கண்டாலே ஆகாது. சிங்கப்பூர்ல இருக்கிற ஒரு ஆச்சி சீப்புச் சீடை வாங்கலாம்னு உள்ள வர்றாங்கன்னு வைங்க. சீடை கண்ணுல படுறதுக்கு முன்னாடியே திரை முழுக்கச் சக்கரம். சுத்தணும்னா மெயில் ஐடி குடுக்கணும். மூடுற பெருக்கல் குறி மூலையில, சாம்பல் மேல சாம்பலா ஒளிஞ்சு கெடக்கும். ஆச்சி போனைக் கவுத்து வச்சுட்டு வேற வேலை பார்க்கப் போயிருவாங்க. நம்ம தமிழ்நாட்டுல இன்னொரு வில்லங்கமும் இருக்கு: 1979-லயே பரிசுத் திட்டத் தடைச் சட்டம் போட்டாச்சு. அதைச் சொல்லித்தான் பணம் அனுப்புற கூகுள் பே செயலியே, சுரண்டிப் பரிசு பார்க்கிற ஸ்கிராட்ச் கார்டு தமிழ்நாட்டுக்காரங்களுக்குக் கிடையாதுன்னு விதியில எழுதி வச்சது.

அதுக்காக விளையாட்டே வேணாம்னு சொல்லல. 2006-ல வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு இருக்கு. கார் கழுவுற கடையில பாதிப் பேருக்கு 8 முத்திரை வாங்க வேண்டிய அட்டை. மீதிப் பேருக்கு 10 கட்டம், அதுல 2 முன்கூட்டியே குத்தியாச்சு. ரெண்டு பேருக்கும் பாக்கி 8-தான். முதல் கூட்டத்துல 19 சதவீதம் பேர் முடிச்சாங்க, ரெண்டாவதுல 34. தொட்ட வேலையைப் பாதியில விட மனசு வராது, அவ்வளவுதான். லிங்க்ட்இன்ல புரொஃபைல் எவ்வளவு நிரம்பியிருக்குன்னு காட்டுறதும் இதே கணக்குதான்.

கல்யாணப் பலகார ஆர்டருக்கு இது அப்படியே பொருந்தும். தேதியும் ஆள் எண்ணிக்கையும் போட்டதுமே ரெண்டு படி முடிஞ்சதாக் காட்டலாம். அப்புறம் தேன்குழல், மாவுருண்டை, அதிரசம், மனகோலம்னு ஒவ்வொண்ணா. வீட்டுல ஆளுக்கு ஒரு ஐட்டம் சேர்க்கட்டும், யார் சேர்த்ததுன்னும் தெரியட்டும். ஆனா அவங்க கேக்காத அதிரசத்துக்கு நாமளே டிக் அடிச்சு வைக்கிறது பச்சைத் திருட்டு.

தினம் வந்தா ஒரு காயின்னு சிலர் கேக்குறாங்க. மொழி படிக்கிற டுயோலிங்கோவுக்கு அது சரி, தினம் படிச்சாத்தான் மண்டையில ஏறும். தரைக்குக் கல் பதிக்கிறவர் தினம் வந்து என்ன பண்ணுவார்? புரோகிராம் எழுதுறவங்க கோடு போட்டு வைக்கிற கிட்ஹப்கூட, தொடர்ந்து எத்தனை நாள் வந்தாங்கன்னு காட்டுற கணக்கை 2016-ல எடுத்துருச்சு.

கல் விக்கிறவங்ககிட்ட விளையாட்டு ஏற்கெனவே இருக்கு, யாரும் கவனிக்கல. 10-க்கு 12 அடி அறையைத் திரையில வரைஞ்சு, 8 அங்குலக் கல்லை வாடிக்கையாளரையே பதிச்சுப் பார்க்க விடுங்க. நடுவுல பூ, ஓரத்துல பார்டர், பச்சையா சிவப்பா. அவர் மாத்தி மாத்திப் பார்க்கும்போது, 270 கல் ஆகும், அதுல பார்டர் எத்தனைன்னு கீழ ஓடிக்கிட்டே இருக்கட்டும். பாயிண்டு, பேட்ஜ் எதுவும் தேவையில்ல, வீட்டுல எல்லாரையும் கூப்பிட்டு உக்கார வச்சுப் பார்ப்பாங்க. சக்கரத்தைவிட இதுக்குச் செலவு கூடத்தான், மறைக்கல.

பணம் கட்டுற பக்கத்துல மட்டும் எந்த விளையாட்டும் வேணாம். பட்டாசு வெடிக்கிற அனிமேஷனுக்குப் பின்னாடி பணம் போச்சா இல்லையான்னு தெரியாம, ரெண்டாவது தடவையும் அனுப்பிட்டுக் கடைக்குப் போன் அடிக்கிறவங்க இருக்காங்க.