மினோட்டாருக்குக் கிடைத்த நண்பன்

கிரேக்கத் தொன்மத்தின் அரக்கர்களை வெட்டிச் சாய்ப்பதற்கென்றே உருவான வீடியோ கேம்களுக்குப் பஞ்சமில்லை. 2005இல் வந்த ‘காட் ஆஃப் வார்’, மனித உடலும் காளைத் தலையும் கொண்ட மினோட்டாரைத் தனிப்பிறவியாகக்கூட மதிக்கவில்லை. காளைத் தலையர்கள் ஒருவர்பின் ஒருவராக வருவார்கள், விளையாட்டின் நாயகன் க்ராட்டோஸ் அவர்களைத் தீர்த்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்க்கொண்டே இருப்பான். 2018இல் வந்த ‘அசாசின்ஸ் கிரீட் ஒடிசி’ பரவாயில்லை. அது அவனை அவனுக்குரிய கிரீட் தீவில், நோசோஸ் அரண்மனைக்கு அடியிலேயே வைத்தது. ஆனால் அங்கும் அவன் உறுமிக்கொண்டு பாயும் மிருகம்தான். சூப்பர்ஜயன்ட் கேம்ஸ் நிறுவனம் 2020 செப்டம்பரில் முழுமையாக வெளியிட்ட ‘ஹேடீஸ்’ விளையாட்டில்தான் மினோட்டார் நிதானமாகப் பேசினான்; எதிரியின் திறமையைப் பாராட்டினான்; தன்னைக் கொன்ற வீரன் தீசியஸின் பக்கத்தில் தோழனாக நின்றான். அண்மைக் காலத்தில் கிரேக்க அரக்கர் ஒருவருக்குக் கிடைத்த மிகச் சிறந்த மறுபிறப்பு இதுவே என்பது என் கருத்து. அதிலும் ஒரு குறை உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

மூலக்கதையை நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. அப்பல்லோடோரஸின் பெயரில் வழங்கும் தொகுப்பில், கிரீட்டின் அரியணை தனக்கே உரியது என்று காட்டுவதற்காக மினோஸ் கடலிலிருந்து ஒரு காளையை அனுப்பும்படி கடல் கடவுள் போஸைடனை வேண்டுகிறான், வந்ததும் அதையே பலியிடுவதாக வாக்கும் கொடுக்கிறான். வந்த காளையின் அழகில் மயங்கி அதை ஒளித்து வைத்துக்கொண்டு, வேறொன்றைப் பலியிடுகிறான். கடவுளின் கோபம் ஏமாற்றியவன் மேல் நேராக விழாமல் அவன் மனைவி பசிஃபே மேல் விழுகிறது. அவள் அந்தக் காளையின் மேல் மோகம் கொள்கிறாள், சிற்பி டெய்டலஸ் மரத்தால் ஒரு பசுவைச் செய்து கொடுக்கிறான், காளைத் தலையோடு மினோட்டார் பிறக்கிறான். அந்தப் பிள்ளைக்கு ஆஸ்டீரியஸ் என்று பெயர் இருந்ததையும் அதே தொகுப்பு சொல்கிறது. வாக்குத் தவறியவன் அரசன், பழிவாங்கியது கடவுள், கருவி செய்தவன் சிற்பி; திக்குத் தெரியாத சுழல்மாளிகைக்குள் அடைபட்டதோ, எந்தத் தவறும் செய்திராத குழந்தை.

இந்த அநியாயத்தை இன்றைய தலைமுறைதான் கண்டுபிடித்தது என்று நினைத்துவிட வேண்டாம். இத்தாலியின் வுல்ச்சியில் கிடைத்து, இன்று பாரிசில் இருக்கும் கி.மு. 4ஆம் நூற்றாண்டு எட்ருஸ்கக் கிண்ணம் ஒன்றில் பசிஃபே உட்கார்ந்திருக்கிறாள், அவள் மடியில் காளைத் தலையுடன் ஒரு குழந்தை இருக்கிறது. எந்தத் தாயும் எந்தப் பிள்ளையையும் வைத்திருப்பதைப்போலத்தான் அவளும் வைத்திருக்கிறாள். அந்தக் கிண்ணத்தைத் தீட்டியவருக்கு அரக்கனின் குழந்தைப் பருவம் கண்ணில் பட்டிருக்கிறது.

ஏதென்ஸ் நகரத்தாருக்கு வேறு தேவை இருந்தது. அவர்களுக்கு, மினோட்டாரைக் கொன்ற தீசியஸ் வெறும் கதைமாந்தன் அல்லன், நகரத்தின் பெருமைக்கே அடையாளம். கி.மு. 475 வாக்கில் தளபதி கிமோன் ஸ்கைரோஸ் தீவிலிருந்து தீசியஸின் எலும்புகள் என்று சிலவற்றைக் கொண்டுவந்ததையும், ஊரே திரண்டு அவற்றை வரவேற்றதையும் பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். ‘ஹேடீஸ்’ காட்டும் தீசியஸ் அந்த ஆரவாரத்தை அப்படியே செத்த பிறகும் அனுபவித்துக்கொண்டிருப்பவன். வீரர்களுக்கான சொர்க்கமாகிய எலிசியத்தில், பார்வையாளர்கள் நிறைந்த அரங்கில், தன் புகழைத் தானே உரக்கச் சொல்லிக்கொண்டு நிற்கிறான். விளையாடுபவர் நடத்தும், பாதாள அரசன் ஹேடீஸின் மகனான ஸாக்ரியஸைக் கண்டதும் அவன் வாயிலிருந்து வசை கொட்டுகிறது. பக்கத்தில் நிற்கும் ஆஸ்டீரியஸோ தேவைக்கு மேல் ஒரு சொல் பேசுவதில்லை. அரங்குக்கு முந்திய அறைகளில் சில சமயம் அவன் தனியாக வந்து மோதுவான். தோற்றால் தோல்வியை ஒப்புக்கொண்டு விலகிப் போவான், பிறகு அரங்கில் மறுபடி சந்திப்பான். வீரனுக்குரிய பண்பு அரக்கனிடமும், சந்தைக்கடை இரைச்சல் வீரனிடமும் இருக்கின்றன. இந்த இடமாற்றத்தைப் பிரசங்கமாக்காமல் நகைச்சுவையாகவே வைத்திருப்பது எழுத்தாளர் கிரெக் காசவினின் சாமர்த்தியம்.

வேடிக்கை என்னவென்றால், தீசியஸுக்கு எலிசியத்தில் இடம் கொடுத்ததே பழைய மரபுக்கு மாறானது. பாதாள அரசி பெர்செஃபொனியைக் கடத்துவதற்காகத் தோழன் பிரித்தூஸுடன் பாதாளத்துக்குப் போய், அங்கே இருக்கையோடு ஒட்டிக்கொண்டவன் அவன். ஹெராக்ளீஸ் அவனை மீட்டதாக ஒரு மரபு சொல்கிறது. ரோமானியக் கவிஞர் வர்ஜில் அந்த மீட்பையும் மறுத்து, என்றென்றைக்கும் உட்கார்ந்தே இருக்கும் தண்டனையை அவனுக்குக் கொடுக்கிறார். இந்த விளையாட்டிலோ பெர்செஃபொனி ஸாக்ரியஸின் தாய். தாயைக் கடத்த வந்தவன் மகனைப் பார்த்து யோக்கியனைப்போல வசைபாடுகிறான் என்று எண்ணிக்கொண்டு விளையாடினால் அந்தச் சண்டையின் சுவையே வேறு.

ஆனால் இந்த மறுகற்பனையை உரையாடல்களைவிட அதிகமாகத் தாங்கி நிற்பது விளையாட்டின் அமைப்பு. ‘ஹேடீஸ்’ ரோக்லைக் வகையைச் சேர்ந்தது. ஸாக்ரியஸ் தந்தையின் பாதாள மாளிகையிலிருந்து தப்பிக்க முயல்கிறான், செத்தால் மீண்டும் மாளிகையிலேயே எழுகிறான், ஒவ்வொரு முயற்சியிலும் அறைகளின் வரிசை மாறிவிடுகிறது. சுழல்மாளிகை என்றால் இதுதானே? தொன்மத்தில் தீசியஸ் நூலைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு முறை உள்ளே போய் வெளியே வந்துவிடுகிறான். இங்கே வழிகாட்டும் நூலும் இல்லை, ஒரே தடவையில் முடியும் வெற்றியும் இல்லை. அரசனாகிய தகப்பன் நிலத்தடியில் அடைத்து வைத்த மகன் என்ற வகையில் ஸாக்ரியஸுக்கும் ஆஸ்டீரியஸுக்கும் விதி ஒன்றே, ஒருவன் பெற்ற தகப்பனால் அடைபட்டவன், மற்றவன் தாயின் கணவனால் அடைபட்டவன் என்பதுதான் வேறுபாடு. இளவரசனைத் தடுக்கும் வேலையில் இருந்துகொண்டே அவனிடம் ஆஸ்டீரியஸ் மரியாதை காட்டுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

கொன்றவனும் கொல்லப்பட்டவனும் நண்பர்களாவதை நம்ப வைப்பதும் இதே அமைப்புதான். யாரும் நிரந்தரமாகச் சாகாத இடத்தில், நேற்று வெட்டியவனோடு இன்று பேசாமல் காலத்தைக் கழிக்க முடியாது. எலிசியத்துக்கு ஆஸ்டீரியஸை அழைத்து வந்தவனே தீசியஸ்தான் என்பது, அந்த வாய்ச்சவடால்காரனை முற்றிலும் வெறுக்க முடியாமல் செய்கிறது. இருவரோடும் ஒரே நேரத்தில் மோதும்போது இன்னொன்றும் நடக்கிறது. தீசியஸ் கேடயத்தால் முன்பக்கத்தை மூடிக்கொள்வதால், முதலில் ஆஸ்டீரியஸை வீழ்த்துவதே எளிது. நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன். கதையளவில் அவன் பக்கம் சாய்ந்துவிட்ட பிறகும், கை போய் முதலில் வெட்டுவது அவனைத்தான்.

இதோடு ஒப்பிட்டால், 2025 செப்டம்பரில் முழுமையாக வெளிவந்த ‘ஹேடீஸ் 2’இன் ஸில்லா எனக்குக் குறைவாகவே படுகிறாள். ஹோமரின் ஒடிசியில் ஆறு தலைகளோடு ஆறு மாலுமிகளைக் கவ்விக்கொண்டு போகும் அந்தக் கடலரக்கியை, பாடி மயக்கும் தொன்ம மங்கையரான சைரன்களோடு கடலடியில் கச்சேரி நடத்தும் பாடகியாக்கி, அந்தக் கச்சேரியையே பாஸ் சண்டையாக, அதாவது ஒரு கட்டத்தின் முடிவில் வரும் பெரிய மோதலாக, ஆக்கியிருக்கிறார்கள். இசைக்குழுவில் ஒருத்தி வீழ்ந்தால் பாட்டில் அவளுடைய பங்கும் நின்றுபோகிறது, கேட்கப் பிரமாதமாக இருக்கிறது. ஆனால் அங்கே மாறியிருப்பது வேடம் மட்டுமே. ஆஸ்டீரியஸுக்கு மாறியது மற்றவர்களோடு அவனுக்குள்ள உறவு.

அந்த உறவில்தான் நான் சொன்ன குறையும் இருக்கிறது. மினோட்டாருக்கு இரையாக ஏதென்ஸ் கப்பமாக அனுப்பிய ஏழு இளைஞர்களும் ஏழு இளம்பெண்களும் முதல் விளையாட்டின் மாந்தர்களில் இல்லை. பசிஃபேயும் இல்லை, உடன்பிறந்தவன் சாவதற்கு நூல் கொடுத்து உதவிய பின் தீசியஸால் கைவிடப்பட்ட அரியாட்னியும் இல்லை. அரக்கனுக்கும் அவனைக் கொன்றவனுக்கும் இடையிலான கணக்கு மட்டும் தீர்ந்துவிட்டது, அதுவும் இரண்டு ஆண்கள் தோள்மேல் கைபோட்டுக்கொள்வதில் முடிந்துவிட்டது. ஆஸ்டீரியஸைக் குற்றமற்றவனாக்குவதற்கு அவன் கையால் செத்தவர்களைப் பேச்சிலிருந்து விலக்கி வைக்க வேண்டியிருந்ததோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு. அந்தப் பதினான்கு பேரில் ஒருவரையாவது ஆவியாக அந்த அரங்கின் பார்வையாளர் வரிசையில் உட்கார வைத்து, ஆஸ்டீரியஸை அவரிடம் பேச விட்டிருக்கலாம். இவ்வளவு நயமாக உரையாடல் எழுதத் தெரிந்தவர்களுக்கு அது முடியாத காரியமல்ல.